இழுத்துப் பேசுகிறவர்கள் எல்லாம் அடுத்த ஊர்க்காரர்கள்

தமிழ்நாட்டில் வட்டார வழக்கு பேசுகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நம்பாதவர்கள் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பார்க்கலாம். ‘நாங்க சாதாரணமாத்தானுங்க பேசுவோம், அந்தத் திருநெல்வேலிக்காரங்கதான் ஒரு மாதிரி இழுப்பாங்க’ என்பார் கோயம்புத்தூர்க்காரர். திருநெல்வேலிக்காரரோ, ‘நாம எங்க இழுக்கோம், நாரோயில்காரன்லா இழுப்பான்’ என்று தெற்கே கையைக் காட்டுவார். நாகர்கோவிலில் போய் விசாரித்தால் விரல் இன்னும் கொஞ்சம் மேற்கே திரும்பிக் கேரளத்துக்குள் போய்விடும். இழுக்கிற ஆளைத் தேடிப் போனால் கடைசியில் கடலில்தான் விழ வேண்டும். நீந்தி யாழ்ப்பாணத்தில் கரையேறினால், ‘நாங்கள் வடிவாத்தான் கதைக்கிறம், இந்தியாக்காரர்தான் தமிழைக் கொலை செய்யினம்’ என்று அங்கே ஒருவர் காத்திருப்பார். ஒவ்வோர் ஊரும் ஒரு சான்றிதழைக் கையில் வைத்திருக்கிறது. மதுரைக்குச் சங்கம், நெல்லைக்குப் பொதிகையும் அகத்தியரும், கோவைக்கு மரியாதை, தஞ்சாவூருக்குக் காவிரித் தண்ணீர். சென்னைக்காரர் மட்டும் இந்தப் போட்டிக்குப் பெயரே கொடுக்கவில்லை. ஆனாலும் முடிவை அறிவிக்கும்போது கடைசி இடத்தை ஞாபகமாக அவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் போட்டியில் நடுவராக இருப்பது காது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பேசுகிறவரின் சட்டையையும் செருப்பையும் பார்த்துக் கண்தான் தீர்ப்பை எழுதுகிறது. காது, பழகிய குமாஸ்தாவைப் போல, படித்துக்கூடப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போடுகிறது.

‘இதெல்லாம் நேற்று முளைத்த கேலி. நல்ல தமிழுக்கு ஆதியிலிருந்தே அளவுகோல் உண்டு, செந்தமிழ் நிலம் என்றே ஒன்று உண்டு’ என்று இந்த இடத்தில் ஒரு புலவர் எழுந்து நிற்பார். உண்டுதான், மறுக்கவில்லை. தொல்காப்பியம் செந்தமிழ் நிலத்தைச் சொல்கிறது. அதைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் என்கிறது. எல்லைக்கல் நடும் வேலையை மட்டும் உரையாசிரியர்களுக்கு விட்டுவிட்டது. இளம்பூரணரும் சேனாவரையரும் அதைச் செய்து முடித்தார்கள்: வையை ஆற்றுக்கு வடக்கு, மருத ஆற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. இந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய வரைபடத்தை அளந்தால் வேடிக்கை தொடங்கும். கோயம்புத்தூர் கருவூருக்கு மேற்கே கிடக்கிறது, வெளியே. நெல்லையும் குமரியும் வையைக்கு வெகு தெற்கே. மருத ஆறு என்பது அரியலூர்ப் பக்கத்து மருதையாறுதான் என்றால் காஞ்சிபுரமும் சென்னையும் வடக்கே தள்ளப்படுகின்றன. யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரிய இடி விழுவது மதுரையின் தலையில். மீனாட்சியம்மன் கோயிலும் மாசி வீதிகளும் வையையின் தென்கரையில் இருக்கின்றன. ஆகவே கோரிப்பாளையத்தில் நின்று பேசினால் செந்தமிழ். பாலத்தைத் தாண்டிச் சிம்மக்கல்லில் இறங்கிப் பேசினால் திசைச்சொல். பாண்டித்துரைத் தேவர் 1901-ல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் இருப்பதும் தென்கரைதான். அந்தச் சங்கம் நடத்திய இதழின் பெயரோ ‘செந்தமிழ்’. நிலமில்லாதவர் பெயரில் பட்டா எழுதிய கதை.

இதில் சேனாவரையர் நிலைமைதான் பரிதாபம். அவர் கொற்கையை ஒட்டிய மாறோக்கத்துக்காரர் என்று சொல்வார்கள். அப்படியானால் வேலிக்கு வெளியே நின்றுகொண்டே வேலியை அடைத்திருக்கிறார். பின்னால் வந்த உரையாசிரியர் தெய்வச்சிலையாருக்கு இது பொறுக்கவில்லை. கொற்கை, கொடுங்கோளூர், காஞ்சி மூன்றும் தமிழ் திரிந்த நிலங்கள் என்று ஆகிவிடுமே, பாண்டியனும் சேரனும் இருந்த ஊர்களுக்கே இந்தக் கதியா என்கிற பொருள்பட மறுத்து, அந்த உரையையே தள்ளிவிட்டார். பதில் நியாயமானது, ஆனால் அதன் வழியைக் கவனிக்க வேண்டும். கொற்கையில் ஒலி சரியாக இருக்கிறதா என்று அவர் காது கொடுத்துக் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய ஊரை எப்படி வெளியே விடுவது என்பதுதான் அவர் கவலை. சரி, வெளியே விடப்பட்ட நாடுகளின் சொற்கள் என்ன ஆயின? வயலைச் செறு என்பது அருவா நாட்டு வழக்கு, தோழியை இகுளை என்பது மலாட்டு வழக்கு என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். இன்றைக்கு மேடையில் ஒருவர் வயலைச் செறு என்று சொன்னால் பட்டிக்காட்டான் என்றா நினைக்கிறோம்? பெரும்புலவர் என்று சால்வை போர்த்துகிறோம். திசைச்சொல்லுக்கு வயதாகித் தலை நரைத்தால் போதும், செந்தமிழில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இலக்கணத்தைவிட ஒலி நம்பகமான சாட்சி என்று சிலர் சொல்வார்கள். அதையும் கூண்டில் ஏற்றிவிடலாம். சென்னைத் தமிழின் மேல் உள்ள முதல் குற்றச்சாட்டு, அது ழகரத்தைக் கொன்றுவிட்டது என்பது. ‘வாயப்பயம்’ என்கிறார்களாம். தெற்கே பல மாவட்டங்களில் அது ‘வாளப்பளம்’. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ழகரம் பெரும்பாலும் ளகரம்தான். ழகரம் இரண்டு இடத்திலும் செத்துப்போயிருக்கிறது. ஒன்றில் யகரத்தின் கையால், மற்றொன்றில் ளகரத்தின் கையால். ஆனால் யகரக்காரர் மேல் மட்டும் வழக்கு நடக்கிறது. ளகரக்காரர் ‘சிறப்பு ளகரத்தின் சிறப்பு’ என்ற தலைப்பில் பட்டிமன்றம் பேசிக்கொண்டிருக்கிறார். ரகர றகர வேறுபாடோ தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சிலிருந்து கரைந்தே போய்விட்டது. கரியும் கறியும் ஒரே சட்டியில் வேகின்றன. அதற்காக யாரும் ஒப்பாரி வைக்கவில்லை, ஏனென்றால் துணைவேந்தரும் அப்படித்தான் பேசுகிறார். ‘வந்துகினு’ என்பதைக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் ‘வந்துகிட்டு’ என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் தாய் ‘கொண்டு’தான். தேய்ந்து வந்த வழியில் ஒருவர் டகரத்தைத் தொலைத்தார், மற்றவர் மூக்கொலியைத் தொலைத்தார். வேலூரும் திருவண்ணாமலையும் சேர்ந்த வட மாவட்டங்கள் முழுக்க ‘கினு’ வழங்குகிறது என்றாலும், அது ஏதோ ராயபுரத்துச் சந்தில் நேற்று ராத்திரி பிறந்த குழந்தை என்பது போலத்தான் பேச்சு.

நம் இலக்கணப் புத்தகம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளமானது என்பது இன்னொரு வேடிக்கை. பேசிப் பேசித் தேய்ந்த சொல்லுக்கு அது மரூஉ என்று மரியாதையான பெயர் கொடுத்திருக்கிறது. எழுத்து இடம் மாறிக் கிடந்தால் இலக்கணப்போலி என்று அணைத்துக்கொள்கிறது. கோயம்புத்தூர் கோவையாகலாம், தசை சதையாகலாம், விசிறி சிவிறியாகலாம். மாணவர் மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் உண்டு. அதே மாணவர் குதிரையைக் ‘குருதை’ என்று சொல்லட்டும், முதுகில் விழும். எழுத்து இடம் மாறியது தவிர அந்தக் குருதை என்ன பாவம் செய்தது? சதையும் சிவிறியும் செய்யாத ஒன்றையும் அது செய்யவில்லை. படித்தவர் வாயில் தேய்ந்தது மரூஉ, படிக்காதவர் வாயில் தேய்ந்தது கொச்சை.

அப்படியென்றால் கலப்படம் இருக்கிறதே, அதை என்ன செய்வது? தெலுங்கும் உருதும் இங்கிலீஷும் கலந்த அவியல் என்றுதானே சென்னைத் தமிழைச் சொல்கிறார்கள். அவியல்தான். கோட்டை கட்டிய கும்பினிக்காரர்களும், தெலுங்கு பேசிய வணிகரும், உருது பேசிய நவாபின் ஆட்களும் வந்து குவிந்த துறைமுகத்தில், மூட்டை தூக்கினவர் சங்கத் தமிழில் பேரம் பேசியிருக்க முடியாது. கேள்வி அதுவல்ல. பேஜார் பாரசீகத்திலிருந்து வந்தது; ஜமாபந்தியும் அங்கிருந்துதான் வந்தது. ஒன்று தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து கௌரவமாக ஓய்வு பெற்றது, மற்றொன்று ரிக்‌ஷா ஸ்டாண்டில் நின்று கெட்ட பேர் வாங்கியது. ‘கஸ்மாலம்’ என்று திட்டினால் காதைப் பொத்திக்கொள்கிறோம். அது பகவத் கீதையில் இருக்கிற சமஸ்கிருதச் சொல். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்துக் கண்ணன் கேட்கும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. குருக்ஷேத்திரத்தில் சொன்னால் உபதேசம், கொத்தவால்சாவடியில் சொன்னால் வசவு. இதற்கிடையில், ‘ஆக்சுவலா ஐ மீன், நேத்து ஃபுல்லா டயர்டு, ஸோ லீவு அப்ளை பண்ணிட்டேன்’ என்று ஒரு வாக்கியம் குளிர்சாதன அறைகளில் உலவுகிறது. அதில் தமிழுக்குச் சொந்தமென்று தேறுவது ‘நேத்து’ம் ‘பண்ணிட்டேன்’னும்தான். இதைக் கலப்படம் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல சம்பளம் என்று சொல்கிறார்கள்.

கண்தான் நீதிபதி என்பதற்கு வெளியூர்ச் சாட்சிகளும் உண்டு. 1960-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு தந்திரம் செய்தார்கள். இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்தவர்களை ஒரே பகுதியை இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து, வெவ்வேறு ஆட்கள் என்று கேட்பவர்களை நம்பவைத்து, இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டார்கள். இங்கிலீஷில் பேசியபோது அதே ஆள் அதிக அறிவாளியாகவும் பார்க்க நன்றாகவும் உயரமாகவும் தெரிந்தார். குரலை மட்டும் கேட்டு உயரத்தை அளந்துவிட்டார்கள் என்பதை இரண்டு முறை படிக்கலாம். இதைவிட வலிப்பது, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள் என்பது. 1974-ல் ஹோவர்ட் கைல்ஸ், பீட்டர் டிரட்கில் முதலானோர் இதற்கு மறுபக்கத்தைப் பார்த்தார்கள். கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் பேச்சு உசத்தி, கிரீட் தீவுப் பேச்சு மட்டம். இரண்டையும் கிரேக்கமே தெரியாத இங்கிலாந்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினால், உசத்தி எது என்று அவர்களுக்குப் புலப்படவில்லை. இனிமை ஒலியிலேயே இருந்திருந்தால் அவர்கள் காதிலும் இனித்திருக்க வேண்டும். யார் பணக்காரர் என்று யாரும் சொல்லி வைக்காததால் அந்தக் காதுகள் பாவம், வேலை தெரியாமல் விழித்தன.

அவ்வளவு தூரம் போகாமல் உள்ளூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஒரு காலத்தில் கதைகளிலும் நாடகங்களிலும் படித்தவர் பேச்சு என்றால் பிராமணர் பேச்சு என்றே ஒரு நினைப்பு இருந்தது. நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம், திராவிட இயக்கம் என்று அரசியல் திரும்பிய பிறகு அதே பேச்சு மேடையில் எடுபடாமல் போய், சினிமாவில் சிரிப்புக்குப் பயன்படும் சரக்காகிவிட்டது. பொது இடத்தின் பேச்சு என்ற நாற்காலியில் திருச்சி, தஞ்சை, மதுரைப் பக்கத்துப் படித்த பிராமணரல்லாதாரின் பேச்சு வந்து உட்கார்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ‘வந்தேள்’ என்பதன் இலக்கணம் கெட்டுப்போகவில்லை. ‘வந்தீங்க’ என்பதற்குப் புதிதாக இனிமை சுரக்கவும் இல்லை. அதிகாரம் இடம் மாறியது, காது உடனே ரசனையை மாற்றிக்கொண்டது. இந்த விசுவாசத்துக்காகவாவது காதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது நியாயமான மறுப்பு ஒன்று வரும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தமிழ் வேண்டாமா, பாடப்புத்தகத்தையும் நீதிமன்றத் தீர்ப்பையும் கினுவிலும் லேயிலும் எழுத முடியுமா என்று. முடியாது, வேண்டவும் வேண்டாம். எழுத்துத் தமிழ் இருக்கிறது. அதன் பெரிய நியாயம், அது யாருடைய வீட்டுப் பேச்சும் அல்ல என்பதுதான். ராமேஸ்வரத்துப் பிள்ளையும் ராசிபுரத்துப் பிள்ளையும் அதைச் சமமாகக் கஷ்டப்பட்டுப் படிக்க வேண்டும். செய்தி வாசிக்கிறவரும் வீட்டுக்குப் போய், ‘இன்றைய இரவு உணவு குறித்த விவரங்கள் இதுவரை வெளியாகவில்லை’ என்று மனைவியிடம் சொல்வதில்லை. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் அரபி, கிரேக்கம் போன்ற மொழிகளை வைத்து இந்த இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது ஒன்றைக் கவனித்தார்: வீட்டில் பேசுகிற பேச்சைத் தாங்கள் பேசுவதே இல்லை என்று படித்தவர்கள் சாதிப்பார்களாம். நம்மையும் அவர் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார். ‘ஒழுங்கா நல்ல தமிழ்ல பேசுடா’ என்று அதட்டுகிறவர் அந்த ஒரு வாக்கியத்திலேயே நல்ல தமிழைக் கைவிட்டுவிடுகிறார் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவர் கேட்பது எழுத்துத் தமிழை அல்ல, தன் வீட்டுத் தமிழை. பொதுத் தமிழ் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பெயரால் ஒருவருடைய வீட்டுத் தமிழை எல்லோர் வீட்டிலும் குடிவைப்பதுதான் வேண்டாம்.

மரியாதைக் கட்சிக்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கொங்குத் தமிழில் பணிவு இருக்கிறது, சென்னைத் தமிழில் இல்லை என்பது அவர்கள் வாதம். ‘பல்லைப் பேத்துப்போடுவனுங்க’ என்ற வாக்கியத்தில் உள்ள பணிவைப் பல்லுக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். நெல்லையில் ‘ஏலே’ என்பதை நண்பன் சொன்னால் கொஞ்சல், எதிரி சொன்னால் சண்டை. காசிமேட்டில் மீன் விற்கிற அம்மாள் அறுபது வயதுக்காரரை ‘வா கண்ணு, இன்னா வேணும் நைனா’ என்கிறார்; இதில் ஒருமையை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணையும் நைனாவையும் விட்டுவிடுகிறவர் கணக்கில் நேர்மை இல்லாதவர். சொல்லின் வாலில் மரியாதையைத் தேடுவதென்றால், தமிழ் கூறும் நல்லுலகில் மிகுந்த மரியாதை உள்ள மொழி அரசு அலுவலகங்களின் கடித மொழிதான். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்பதைத் தாங்கள் அன்புடன் அறிந்துகொள்ளுமாறு அது நம்மைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

‘காலம் மாறிவிட்டது, இன்று வட்டார வழக்குக்குத்தான் மவுசு’ என்பது கடைசி மறுப்பு, கொஞ்சம் பலமானதும்கூட. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-லேயே கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்துவிட்டது. கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைப் பொறுக்கி 1982-ல் அகராதியே போட்டார். 1991-ல் சாகித்திய அகாதெமி பரிசு, புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர் பதவி என்று அந்தப் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமல்ல. பெருமாள்முருகன் கொங்குக்கு, கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கு என்று அகராதிகள் பின்னால் வந்தன. எல்லாம் உண்மை, எல்லாம் நல்ல காரியம். ஆனால் மவுசு யாருக்கு என்று பார்க்க வேண்டும். நாவலுக்குள் ஒரு பாத்திரம் பேசினால் மண்வாசனை என்று மதிப்புரை எழுதுகிறோம். அதே ஆள் புத்தகத்திலிருந்து எழுந்து வந்து, அதே மொழியில், வங்கிக் கவுண்டரில் ஒரு சந்தேகம் கேட்டால் வாசனை பிடிக்காமல் அடுத்த கவுண்டருக்கு அனுப்புகிறோம். சினிமா இன்னும் வெளிப்படை. சந்திரபாபு 1958-ல் ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரராகப் பேசிய மெட்ராஸ் பாஷை முதல், ‘சதிலீலாவதி’யின் கோவைத் தமிழ், ‘தெனாலி’யின் ஈழத் தமிழ் வரை, சிரிப்பு வேண்டுமென்றால் ஒரு வட்டாரத்தைக் கூப்பிடுவது பழக்கம். வன்முறை வேண்டுமென்றால் மதுரைக்கும் வட சென்னைக்கும் ஆள் அனுப்புவார்கள். சமீபத்தில் சில படங்கள் இதை மாற்றியிருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு குடும்பத்தில் அப்பா, அம்மா, பாட்டி, பால்காரர் எல்லோரும் ஊர்ப் பேச்சு பேச, அதே வீட்டில் பிறந்து வளர்ந்த கதாநாயகன் மட்டும் எந்த மாவட்டத்தையும் சேராத தமிழில் காதலிப்பதை நாம் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். கதாநாயகிக்கோ தமிழ்நாட்டில் எந்த ஊரும் இருக்காது, குரல்கூட இன்னொருவருடையது.

சிரிக்கவே கூடாதா என்றால், தாராளமாகச் சிரிக்கலாம். தமிழில் நல்ல நகைச்சுவை பாதி ஊர்ப் பேச்சில்தான் இருக்கிறது, கி.ரா.வின் கிழவர்கள் சொல்வதை எழுத்துத் தமிழில் பெயர்த்தால் சிரிப்பு போய் அறவுரை மிஞ்சும். அந்தக் கிழவர்கள் சொன்ன விஷயத்துக்குச் சிரிப்பது ஒன்று. விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்ததற்கே சிரிப்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, சிரிப்பு வாக்கியத்தின் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் போதும். வாக்கியம் முடிவதற்கு முன்பே வந்துவிட்டால் அது நகைச்சுவைக்கு வந்த சிரிப்பல்ல. ஆராய்ச்சி என்றதும் கருத்தரங்குகளின் ஞாபகம் வருகிறது. வட்டார வழக்குகளைக் காப்பது பற்றி எந்தக் கல்லூரியில் கருத்தரங்கு நடந்தாலும் அழைப்பிதழ் செந்தமிழில் இருக்கும், தலைமையுரை செந்தமிழில் இருக்கும், கட்டுரைகள் அதைவிடக் கடுமையான செந்தமிழில் இருக்கும், நன்றியுரையில் மட்டும் நேரமின்மையால் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்திருக்கும். அரங்கில் வட்டார வழக்கு உயிரோடு இருக்கக்கூடிய ஒரே இடம் தேநீர் கொண்டுவருகிறவரின் வாய். அவரும் மேடையையும் பதாகையையும் சால்வைகளையும் ஒரு முறை பார்த்து மிரண்டுபோய், ‘ஐயா, தேநீர் அருந்துகிறீர்களா?’ என்று கேட்டுவிடுகிறார்.